டைவர்ஷன்காரர்

சாலையைத் தோண்டுகிற இடங்களில் அவரைப் பார்க்கலாம். ஆரஞ்சு நிற மேல்சட்டை, கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். தோண்டுவது வேறு ஆட்கள். வருகிற வண்டிகளைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பி விடுவதுதான் இவர் வேலை. கூட இருப்பவர்கள் அவரை ‘டைவர்ஷன்’ என்றே கூப்பிடுவார்கள். வேலையால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வாயால் வந்த பெயர் என்பது நாலு நாள் பழகினால் தெரிந்துவிடும்.

மனிதர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. “நேத்து ஏன்ப்பா லேட்டு?” என்று சூப்பர்வைசர் கேட்டால், “சார், பையனுக்குப் பல்வலின்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?” என்பார். அவ்வளவுதான், சூப்பர்வைசர் பல் டாக்டரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். திட்டி முடிக்கும்போது, கேட்ட கேள்வி அவருக்கே மறந்திருக்கும்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். அப்பாவும் அம்மாவும் ஓயாமல் சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவர். குரல்கள் உயரத் தொடங்கியதும் நடுவில் புகுந்து, “பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு!” என்று சொல்லி இரண்டு பேரையும் ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போவார். அது ஆண் நாய் என்பது வேறு விஷயம். அப்படிப் பழகிய வாய், வளர்ந்த பிறகும் திருந்தவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே வித்தைதான். “அம்மா, அப்பா டைவர்ஷன் போட்டுட்டாரு” என்று மகள் கூவுவாள். மனைவியும் சிரித்துவிடுவார். இந்த முறைதான் அவர் சிரிக்கவில்லை.

மனைவிக்கு ஆயத்த ஆடை கம்பெனியில் துணி வெட்டுகிற பிரிவில் வேலை. எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. கம்பெனி வேறொரு ஊரில் புதுக் கிளை தொடங்குகிறது. அங்கே வெட்டுகிற பிரிவு முழுவதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும், லீவு நாளில் வீட்டுக்கு வரலாம். மாஸ்டரம்மாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கணவர் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்ப மனசு வரவில்லை.

“நான் போகட்டுமாங்க?” என்று கேட்டால், குழாய் ஒழுகுகிறது என்றார். மறுநாள் கேட்டால், மாடி வீட்டுக்காரர் புது மோட்டார் வாங்கியிருப்பதைச் சொன்னார். அதற்கும் மறுநாள் இருமல் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் மனைவியின் ஆசையில் மண்ணைப் போட்டதாகும். போ என்றால், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யாரிடம் போய் வாயடிப்பது?

கடைசி நாளும் வந்தது. “இன்னைக்குக் காலையில மேனேஜருக்குப் பதில் சொல்லணும். போன்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. வாயைத் திறந்து ஒண்ணு சொல்லுங்க” என்றார் மாஸ்டரம்மா.

“ஐயையோ, பலகை வைக்க நேரமாச்சே!” என்று பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தார் இவர்.

பெரிய சாலையில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அங்கே ஒரு பலகை, வண்டிகளை இடது பக்கத் தெருவுக்குள் அனுப்ப. அந்தத் தெருக் கோடியில் வலது பக்கம் அம்புக்குறி காட்டும் இன்னொரு பலகை, பள்ளத்தைத் தாண்டிப் பெரிய சாலையில் கொண்டுவந்து சேர்க்க. “திருப்பி விடுறது யாரு வேணும்னாலும் செய்யலாம். கொண்டுவந்து சேர்க்கணும், அதான் வேலை” என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவரே இவர்தான். அன்றைக்கு மனசு வீட்டிலேயே இருந்ததால், கோடிப் பலகையை இடது பக்கம் காட்டும்படி நட்டுவிட்டு வந்துவிட்டார். அதை நம்பிப் போனவர்கள் பின்தெருவைச் சுற்றி மறுபடி இவர் முன்னாலேயே வந்து நின்றார்கள்.

இவருக்கு அது உறைக்கவில்லை. ஒரு ரொட்டி வேன் போனது. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொரு ரொட்டி வேன். வியாபாரம் நல்லா நடக்குது போல என்று சந்தோஷப்பட்டார்.

பின்னாலேயே, கம்பெனிக்குக் கிளம்பிய மனைவியின் ஸ்கூட்டர். “என்னங்க, பதில்?”

“ஹெல்மெட் வாரை மாட்டலையே நீ!”

மாஸ்டரம்மா வாரைத் தொட்டுப் பார்ப்பதற்குள் பின்னால் ஹாரன். போய்விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடி அதே ஸ்கூட்டர். இவர் திருதிருவென்று முழித்தார். “எதையாவது மறந்துட்டியா?”

“நான் மறக்கலை. நீங்கதான் மறந்த மாதிரி நடிக்கிறீங்க. போகட்டுமா?”

“பின் டயர்ல காத்து கம்மியா இருக்கே...”

மாஸ்டரம்மா ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ரொட்டி வேன், நேராக இவர் முன்னால் நின்றது. “ஏங்க, என்னைச் செக்குமாடுன்னு நெனச்சீங்களா? இன்னும் எத்தனை தடவை உங்க மூஞ்சியையே பார்க்கறது?” என்று கத்தினார் டிரைவர்.

அப்போதுதான் உறைத்தது. பலகை! கொடியோடு ஓடப் பார்த்தார். அதற்குள் மூன்றாவது முறையாக ஸ்கூட்டர் வந்து குறுக்கே நின்றது. மாஸ்டரம்மா எஞ்சினையே நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அவர் அசையவில்லை, கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய், மோட்டார், நாய்க்குட்டி, எதுவும் இவர் வாயில் வரவில்லை.

“போயிட்டு வா” என்றார். “நீ இல்லாத வீட்டுல எனக்கு ஒண்ணும் ஓடாது. பயமா இருக்கு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனா நீ போகணும். பாப்பாவை நான் பார்த்துக்கறேன்.”

மாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. “இதைச் சொல்லவா இத்தனை நாளு? சரி, ஏறுங்க, மொதல்ல அந்தப் பலகையை மாத்துவோம்.”

கொடியை ரொட்டி வேன் டிரைவர் கையில் திணித்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். தெருக் கோடியில் பலகையைப் பிடுங்கி வலது பக்கம் காட்டும்படி நட்டார்.

“பாவம், என்னால நீ இத்தனை சுத்து சுத்திட்டே” என்றார்.

“தினமும் போற வழி எனக்குத் தெரியாதா? மொத சுத்து உங்க பலகையால. ரெண்டாவது சுத்து உங்க பதிலுக்காக.” சொல்லிவிட்டு மாஸ்டரம்மா வலது பக்கம் திரும்பிப் போய்விட்டார். தெரு முனையில் ஸ்கூட்டர் மறையும் வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் கொதித்துக்கொண்டிருந்தார். ரொட்டி வேன் டிரைவர் ஜோராகக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“யாருய்யா பலகையை மாத்தி வெச்சது?”

சூப்பர்வைசர் பையனின் பல் இவர் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “நான்தான் சார். என் தப்பு” என்றார்.

இப்படி ஒரு பதிலுக்கு மேலே என்ன கேட்பது என்று சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்துவிட்டு, “பையனுக்குப் பல்வலி இப்பத் தேவலைப்பா” என்றார்.