டிரையரில் காய்ந்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஒரு ஸ்குரூவைக் கழற்றுவதென்று நான் முடிவெடுத்தேன். அதற்கு முன் குளித்தேன். சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். அம்மாவிடம் முறைப்படி தெரிவித்தேன்.

ஸ்குரூ ஜில்லென்று இருந்தது... மலேசியாவின் கேமரன் மலையில் அந்த நேரத்தில் எல்லாமே அப்படித்தான். என் விரல்களும்தான்.

அது துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், கம்ப்யூட்டர். தலைமை அலுவலகம் பயன்படுத்திக் களைத்துப்போய் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தது. மடியில் வைத்து வேலை செய்யலாம் என்று பெயர். வைத்தால் கால் மரத்துப்போகும்.

எனக்கு வயது இருபத்திரண்டு. அலுவலகத்தில் சின்ன கிராணி, அதாவது எழுத்தர். அதன் கையேட்டை இரண்டு முறை படித்திருந்தேன். தோட்டத்தில் வேறு யாரும் ஒரு முறைகூடப் படிக்காததால் நிபுணர் ஆகியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஜன்னலைச் சாத்த மறந்ததும் இதே நிபுணர்தான். இரவெல்லாம் மூடுபனி உள்ளே வந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டேன்...

ஒன்றுமில்லை.

ஈப்போ போயிருந்த துரை செவ்வாய்க்கிழமை திரும்புவார்.

துரை கோபக்காரர் இல்லை. அதுதான் பயம். போன வருடம் ஸ்டோர் கிராணியை வேலையிலிருந்து நிறுத்தியபோதுகூட அவர் குரலை உயர்த்தவில்லை. உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, பிறகு நிறுத்தினார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். கொழுந்து பறிக்கும் என் அம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பொதுக்குழாயை விட்டு, சொந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதனால் சனிக்கிழமை மதியமே அதை அம்மாவின் கொழுந்துக் கூடையில் வைத்து, பிளாஸ்டிக் படுதாவால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூடவே ஒரு கவர். 'மெக்கானிக் வந்ததும் போட வேண்டியது' என்று அதன்மேல் துரை எழுதியிருந்தார். உள்ளே கூடுதல் மெமரிச் சில்லுகள். இயந்திரம் பிழைத்து, முன்னைவிட வேகமாகவும் ஓடினால் துரை குற்றத்தைக் கவனிக்கமாட்டார் என்று நினைத்தேன். பயந்தவர்களுக்குத் தத்துவம் சீக்கிரம் தோன்றும்.

பதினொரு ஸ்குரூக்கள். திறந்தால், பச்சைத் தகட்டில் பனித்துளிகள். ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம்... எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஈரந்தானேடி? இதுக்கா நேத்துலருந்து சோறு திங்கல? பெக்டரிக்குக் கொண்டு போ."

"அம்மா, இது துணி இல்ல."

"ஒன் சர்டிபிகேட் மழையில நனஞ்சப்ப அங்கதான் காஞ்சிச்சு. எழுத்து என்னா ஓடியா போச்சு?"

அது உண்மை. மழை மாதங்களில் எங்கள் தோட்டத்தில் வெயிலை நம்பி யாரும் துவைப்பதில்லை. போர்வை, பள்ளிக்கூடச் சப்பாத்து, குழந்தைத் துணி எல்லாமே தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்குப் பின்னால் இருக்கும் கம்பித் தட்டில்தான் காயும். தகட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

டிரையரைப் பார்த்துக்கொள்பவர் பச்சையப்பண்ணன். சனிக்கிழமைக் கொழுந்தை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னா செல்வி, ரொட்டியா?"

"கம்ப்யூட்டர்ண்ணே. வயித்துக்குள்ள உள்ளது."

"யாரோடது?"

"துரையோடது."

இரண்டடி பின்னால் போனார். "நான் பாக்கல லா. ஒன்னுமே பாக்கல. அந்த ஓரத்துல வை."

ஒன்றுமே பார்க்காதவர் பத்து நிமிடத்தில் வந்து தகட்டைக் கையில் எடுத்தார். கண்ணை மூடி, தேயிலையை முகர்வது போல முகர்ந்தார்.

"பச்ச வாசம் போவல. இன்னும் பத்து நிமிசம்."

"அண்ணே, அது தேயில இல்ல..."

"ஈரம் ஈரந்தான் லா. நீ போய் எழுத்து வேலயப் பாரு."

பத்து நிமிடம் கழித்து வந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ம்... எடுத்துரு. இதுக்கு மேல விட்டா கருகிப் போவும்."

வீட்டில் பழைய பல்துலக்கியால் தேயிலைத் தூசைத் தட்டினேன். கவரில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தினேன். ஒன்றின் கால் மடங்கியது. நகத்தால் நிமிர்த்தினேன். பதினொரு ஸ்குரூவில் பத்துக்குத்தான் இடம் கிடைத்தது.

அம்மா மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். போட்டேன்.

திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஏறின.

"என்னாடி எண்ணுது?"

"தனக்கு எவ்ளோ புத்தி இருக்குன்னு எண்ணுதும்மா."

"நெறய இருக்கா?"

"முன்னவிட நெறய."

மறுநாளே அதை அலுவலகத்தில் திருப்பி வைத்தேன். செவ்வாய்க்கிழமை துரை அதைத் திறந்தார். ஓடியது. குனிந்து முகர்ந்தார்.

"ஏன் டீ வாசம் வருது?"

எல்லாவற்றையும் சொன்னேன். பச்சையப்பண்ணன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். துரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார்.

குடித்தேன். என்ன ருசி என்று இன்றுவரை தெரியாது.

டீ முடிந்தது. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய கடிதங்களையெல்லாம் டைப் செய்வது நான்தான். அன்று கையாலேயே எழுதி, தானே ஒட்டினார். அதன்பிறகு வாசலில் லோரிச் சத்தம் கேட்டால், எங்கள் சாமான்களை ஏற்ற வந்துவிட்டதோ என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

போன மாதம் என் பழைய லேப்டாப் நத்தையாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்து, தூசு தட்டி, மெமரி கூட்டினேன். எந்த ஸ்குரூ எங்கே என்று கைப்பேசி வீடியோவில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். கால்மணி நேரம்தான். யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு புத்தி என்று கேட்கவும் பக்கத்தில் ஆளில்லை. அப்படியொரு வேலை செய்ததே மறுநாள் மறந்துவிட்டது.

அன்று துரை எழுதிய கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் வந்தது. இப்படிப்பட்ட ஆள் தலைமை அலுவலகத்துக்குத் தேவை, மாதக் கடைசிக்குள் கோலாலம்பூரில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ் அடுத்து வந்த கிராணிக்குக் கொடுக்கப்பட்டது. ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருந்ததால் அம்மா என்னோடு வராமல் லயத்துக்கே திரும்பினார்.