பந்து செங்கல் இல்லை

நான் கொத்து வேலை செய்கிறவன். எட்டாவது வரை படித்தேன். செம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் என்று எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே எனக்கு வேலை. வாலிபால் ஆட வந்தது நாற்பது வயதுக்கு மேலே.

செம்பாக்கம் ஏரியை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. இரண்டு கம்பம் நட்டு, நெட் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு ஆட்கள் ஆடுவார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன். ஒரு டீ தீரும் வரை பார்ப்பேன். பிறகு வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிறு ஆறாவது ஆள் இல்லை. அவன் குன்றத்தூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டான். டீமுக்குக் கேப்டன் ஒரு எலக்ட்ரீஷியன். நான் கட்டும் வீடுகளில் ஒயரிங் வேலைக்கு வருவான். என்னைவிடச் சின்னவன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அண்ணா, சும்மாதான நின்னுகினு கீறே? உள்ள வா."

"எனக்கு ஆடத் தெரியாதுப்பா."

"தெரிய வேணாம். ஒசரமா கீறே. அது போதும்."

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். பின்வரிசையில் நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம் சர்வீஸ் போட்டான். பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அழகாகப் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் தரையிலேயே குந்திவிட்டான்.

"அண்ணா, அவுட்டா அது? கையைத் தூக்கிக் காட்டு, அம்பயரு பாக்கட்டும்!"

"புடிக்கக் கூடாதுண்ணா" என்றான் கேப்டன். "புடிச்சா அவனுக்குப் பாயிண்டு. கையில பட்டு எழும்பணும்."

எப்படி என்று காட்டினான். ஒரு கையை மடக்கி இன்னொரு கைக்குள் வைக்க வேண்டும். கட்டைவிரல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்கு மேலே இருக்கிற சதையில் பந்து பட வேண்டும். அப்படிப் பட்டால் பந்து எழும்பி நெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற லிஃப்டரிடம் போகும். அவன் விரல் நுனியால் மேலே தூக்கிக் கொடுப்பான். அடிக்கிறவன் குதித்து அடிப்பான். ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுதல்தான். முதல் தொடுதல் கெட்டால் மற்ற இரண்டும் கிடையாது. அது எனக்குப் புரிந்தது. சுவரில் முதல் வரி கோணினால் மேலே வைக்கிற எதுவும் நிற்காது.

புரிந்தது. கை கேட்கவில்லை. அடுத்த பந்து வந்தபோது கையைச் சேர்த்துத்தான் வைத்தேன். பந்து கையில் பட்டது. எழும்பவில்லை. செத்த எலி மாதிரி காலடியில் விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாவது கைநுனியில் பட்டு ஏரிப்பக்கம் போனது.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் கடைசியாகப் பட்டுப் பந்து வெளியே போகிறதோ அவர்தான் எடுத்து வர வேண்டும். கேப்டனாக இருந்தாலும் அப்படித்தான். ஏரி ஓரம் முழுக்க ஆகாயத்தாமரை. அன்று காலை நான் கோர்ட்டில் நின்றதைவிட அந்தச் சேற்றில் நின்றது அதிகம்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழம மேடவாக்கம் அபார்ட்மென்ட் பசங்களோட மேட்ச் கீது. போன தபா தோத்துட்டோம். அதுக்குள்ள நீ பந்த எழுப்பி எடுக்கக் கத்துக்கினா நீதான் ஆறாவது ஆளு. இல்லாங்காட்டி வெல்டிங் கடைக்காரன கூப்டுக்குவேன். கோச்சுக்காதே."

"சரி" என்றேன்.

அந்த மேட்சில் நான் நிற்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வராது என்று ஒரு வேலையை நான் பாதியில் விட்டதில்லை.

சர்வீஸ் போடுவது சீக்கிரம் கைவந்தது. இடது கையில் பந்தை இடுப்புக்கு நேராக வைத்து, வலது கையைக் கீழிருந்து வீசி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடிக்க வேண்டும். சின்ன வயதில் கீழே நின்று மேலே செங்கல் வீசியவன் நான். அதே வீச்சுதான். நெட்டைத் தாண்டிவிடும். வேகம் இருக்காது, ஆனால் தாண்டும்.

பந்தை எடுப்பதுதான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தது என் மனைவி.

அவள் என்னோடு சித்தாள் வேலை பார்க்கிறாள். முதல் மாடிச் சுவர் கட்டும்போது நான் சாரத்தில் நிற்பேன். அவள் கீழே நின்று செங்கலை ஒவ்வொன்றாக வீசுவாள். நான் பிடித்து அடுக்குவேன். கல் வரும்போது கையை நீட்டுவேன். கல் கையைத் தொட்டதும் கை கூடவே பின்னால் வரும். அப்படி வந்தால்தான் வலிக்காது. விறைத்துப் பிடித்தால் தோல் போகும், நகம் போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வீசுகிறாள், நான் பிடிக்கிறேன். என் கை எப்படிப் போகும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேப்டனிடம் ஒரு பழைய பந்தை வாங்கி வந்திருந்தேன். வேலை முடிந்து, கட்டுகிற வீட்டின் பூச்சு ஆகாத மொட்டை மாடியில் அவளைப் பந்து வீசச் சொன்னேன். வீசினாள். பந்து காலடியில் விழுந்தது. மறுபடி வீசினாள். மறுபடி விழுந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யோவ், அது பந்துயா. செங்கல்லு இல்ல."

"தெரியுது."

"இன்னா தெரியுது? கையப் பின்னால இஸ்துக்கிறே. கல்லு வந்தா இஸ்துக்கிறியே, அதே மாரி. அப்பறம் எப்டி எழும்பும்?"

கையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பந்து படுகிற நேரத்தில் என் கை தானாகப் பின்வாங்கி, அதன் வேகத்தைத் தின்றுவிடுகிறது.

"பந்து வலிக்காதுயா. பயந்துக்காம நில்லு."

"பயம் இல்ல. பழக்கம்."

"எதுவோ ஒண்ணு. குடு அந்தத் துண்ட."

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் சேர்த்து முழங்கைக்குக் கீழே கட்டினாள். இறுக்கிக் கட்டினாள். பக்கத்து மனையில் பெயின்ட் அடிக்கிற ஆள் மேலே நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, போலீசுல புடிச்சுக் குடுக்கப் போறியா?" என்றான். "ஆமா, அரிசி வாங்காம பந்து வாங்கினு வந்துகீறாரு" என்றாள்.

கட்டின கையை விரித்துப் பிடிக்க முடியவில்லை. பலகை மாதிரி நீட்டி வைப்பதைத் தவிர வழி இல்லை. பந்து பட்டு எழும்பியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது, ஆனால் எழும்பியது. அதன் பிறகு தினம் இருட்டும் வரை வீசினாள். பலகையை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ பந்து அந்தப் பக்கம் போகும் என்று பிடிபட்டது. பொங்கல் நெருங்கும்போது துண்டு இல்லாமலே எடுத்தேன்.

அப்போதுதான் வேறு ஒன்று நடந்தது. ஒரு திங்கட்கிழமை. நான் சாரத்தில் நிற்கிறேன். அவள் கல்லை வீசினாள். என் கை விரியவில்லை. இரண்டு கையும் சேர்ந்து நீண்டது. கல் மணிக்கட்டுக்கு மேலே வந்து மோதி, தெறித்துக் கீழே போனது. அவள் நகர்ந்துகொண்டாள். அவள் நின்ற இடத்தில் கல் விழுந்து உடைந்தது.

என் கையில் ரத்தம் வந்தது. அவள் ஏறி வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"ரெண்டுல ஒண்ண வுடு" என்றாள். "என் தலையில வுழுந்திருந்தா?"

அன்று மீதி வேலைக்குக் கல்லை வீச வேண்டாம் என்று சொல்லி, கயிறு கட்டிக் கூடையில் ஏற்றினேன். நேரம் இரண்டு மடங்கு ஆனது. மேஸ்திரி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

கயிறு இழுத்துக்கொண்டே யோசித்தேன். கைக்கு எது கல், எது பந்து என்று தெரியவில்லை. கை நீளும் முன்னாலேயே உடம்பில் வேறு ஏதாவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். சாரத்தில் என் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். பலகை மேலே இரண்டு காலும் விறைத்து நிற்கும். அங்கே கால் நகரக் கூடாது, நகர்ந்தால் விழுந்துவிடுவோம். கோர்ட்டிலும் நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். நட்ட கம்பம் மாதிரி. வருகிற பந்துக்குக் கையை மட்டும் நீட்டினேன்.

கேப்டன் முதல் நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்தது அதுதான். "முட்டிய மடக்குண்ணா, கால நவுத்துண்ணா." நான் அதை அலங்காரத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். "நேரா வீசாதே. தள்ளித் தள்ளி வீசு. நான் போய் எடுக்கறேன்."

"கைய ஒடச்சுகினும் புத்தி வரலியா?"

"கடைசியா ஒரு தபா. இதுல ஆவலேன்னா வுட்டுடறேன்."

வீசினாள். வேண்டுமென்றே மூலைக்கு மூலை வீசினாள். அவள் கை அசைந்ததும் முட்டியை மடக்கினேன். பந்து விழப் போகிற இடத்துக்கு முதலில் கால் போனது. அங்கே போய் நின்ற பிறகு கையைச் சேர்த்தேன். கையை வீசவே இல்லை. முட்டியை மட்டும் நிமிர்த்தினேன். பந்து மெதுவாக எழும்பி அவள் தலைக்கு மேலே வந்து இறங்கியது. அவள் நகராமலே அதைப் பிடித்தாள்.

"ம்" என்றாள்.

மறுநாள் சாரத்தில் ஏறினேன். அவளை ஓரமாக நின்று வீசச் சொன்னேன். பலகையில் காலை ஊன்றி விறைத்து நின்றேன். கல் வந்தது. கை விரிந்தது, பிடித்தது, பின்னால் வந்தது. கால் மடங்கினால் பந்து, கால் நின்றால் கல். உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கல்லும் தவறவில்லை.

மேட்ச் அன்று அபார்ட்மென்ட் பசங்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிற பனியன், முட்டிக்கு உறை. ஓஎம்ஆர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பசங்கள்தான், வந்ததும் கை கொடுத்தார்கள். வெல்டிங் கடைக்காரன் கோர்ட் ஓரமாக வண்டி மேலே உட்கார்ந்திருந்தான். ஷூ போட்டுத் தயாராக வந்திருந்தான்.

அவர்கள் பக்கம் ஒரு உயரமான பையன் சர்வீஸ் போட்டான். மேலிருந்து அடிக்கிற சர்வீஸ். என் மனைவி வீசுகிற மாதிரி இல்லை. பந்து காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வந்தது. என் தோளில் பட்டு வெளியே போனது. அடுத்ததும் எனக்கே வந்தது. அதுவும் போனது.

"மச்சான், அந்த அண்ணா வீக். அவருக்கே போடு" என்று அவர்கள் பக்கத்தில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. மறைக்கவும் இல்லை. ஆட்டத்தில் அது நியாயம்தான். எந்தச் செங்கல் ஆடுகிறதோ அதைத்தான் தட்டுவார்கள்.

முதல் செட் போனது. பாதிப் பாயிண்டு என் கையில் போனது. கேப்டன் பக்கத்தில் வந்தான். வண்டி மேலே இருந்தவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணா... பேஜாரா பூடுச்சு. கொஞ்ச நேரம் ஒக்காருறியா?"

"இல்ல."

"அண்ணா, தோத்துடுவோம்."

"பந்து ஆடுது. எப்டி ஆடுதுன்னு பாத்துட்டேன். இன்னும் ஒரு செட்டு குடு. அப்பறம் நானே போயிடறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரே ஒரு செட்டு" என்றான்.

இரண்டாவது செட்டில் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன். பந்து ஆடி முடித்து ஒரு பக்கம் இறங்கும். அது வரை கையைச் சேர்க்காமல் காலை மட்டும் நகர்த்தினேன். முதல் சர்வீஸ் எனக்குத்தான் வந்தது. எழும்பியது. கோணலாகத்தான் எழும்பியது, லிஃப்டர் ஓடிப் போய்த் தூக்கினான். கேப்டன் அடித்தான். பாயிண்டு. அடுத்ததும் எனக்கு. அதுவும் எழும்பியது. ஒன்று தவறியது. அதற்கடுத்தது நேராக லிஃப்டர் தலைக்கு மேலே போனது. அவன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே எடுத்தான்.

செட்டை எடுத்தோம். கேப்டன் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது செட். அந்த உயரமான பையன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் முட்டியை மடக்கினேன். முன்பு என்னை வீக் என்றவன் மறுபடி சொன்னான். "அந்த அண்ணா வேணாம்டா. அவர் எடுத்துடறாரு. லெஃப்ட்ல போடு."

உயரமான பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது பக்கம் போட்டான். என் பக்கத்தில் நின்றவன் தடுமாறி விட்டுவிட்டான். அந்தப் பாயிண்டை இழந்தோம், கடைசியில் மேட்சையும் இழந்தோம். ஆனால் அதன் பிறகு அவர்கள் ஒரு சர்வீஸ்கூட எனக்குப் போடவில்லை.

நெட்டை அவிழ்த்துச் சுருட்டும்போது கேப்டன் ஒரு முனையைப் பிடித்தான், நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

"அண்ணா, அடுத்த வாரம் ஆறு மணிக்கு. ஜல்தி வந்துடு. ஒன் பக்கத்துல நின்னானே, அவனுக்கும் எப்டி எடுக்கறதுன்னு நீ காட்டணும்."

"வரேன்" என்றேன்.