குணபூசணி தோழிக்குப் பார்த்த மாப்பிள்ளை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கார் ஓட்டத் தெரிந்த பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் குணபூசணி. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்தவள். கார் பழக வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டதில்லை. கணவர் முத்துக்குமாரு ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய ஆஸ்டின் கார் ஒன்றை வாங்கிவிட்டார். பழகப் போன முதல் நாள் எதிரே மாட்டு வண்டி வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"இஞ்சை பார், நீயே பழகு. நான் பக்கத்திலை இருந்து வழி சொல்லுறன்" என்றார்.

அவள் பழகினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையணை ஒன்றைப் போட்டு உயர்ந்து உட்கார்ந்து ஓட்டுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவாள். ஆனால் அந்தக் காரில் கணவரையும் இரண்டு மகள்மாரையும் தவிர வேறு யாரும் ஏறியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களோடு அவள் சிரிப்பாள், கோயிலில் கண்டால் நின்று இரண்டு வார்த்தை கதைப்பாள். அதற்கு மேல் போகமாட்டாள். மனசில் ஒரு தோழிக்குத்தான் இடமிருந்தது. அந்தத் தோழி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

சிவமலர் யாழ்ப்பாணத்தில் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். பிறகு ஆசிரியையாகி, கலியாணம் செய்யாமலே இருந்துவிட்டாள். 1934ஆம் ஆண்டு பள்ளி விடுமுறைக்குக் கப்பலேறித் தோழியைப் பார்க்க வந்தாள். கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் அவள் இறங்கியதும், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயதை நெருங்கியிருந்தது. பதினாறு வயதில் பார்த்த முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"பூசணி, நீ பெயருக்கேற்ற மாதிரி ஆயிட்டாய்" என்றாள் சிவமலர்.

அதன் பிறகு சிரிப்பு அடங்கவில்லை. பத்து ரோடு என்ற கடைத்தெருவின் துணிக்கடைகள், கந்தசுவாமி கோயில், பேசும் படம் என்று கோலாலம்பூர் முழுவதும் காரில் சுற்றினார்கள். சிவமலருக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது பின்னேர மழைதான். விறாந்தையில் நாற்காலியைப் போட்டு, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மழை முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். குணபூசணி "பாசாருக்குப் போயிட்டு வாறன்" என்று சொன்னால், "சந்தை எண்டு சொல்ல மறந்து போச்சோ?" என்று கேலி செய்வாள்.

வீடு நிறைந்துவிட்டது போலிருந்தது குணபூசணிக்கு. இவள் திரும்பிப் போய்விடுவாளே என்ற எண்ணம் அடிக்கடி வந்தது. மலருக்கு இங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்த்தால் என்ன என்று ஓர் இரவு கணவரிடம் மெல்லக் கேட்டாள். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்: தியாகராசா, மோரிப் கடற்கரைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர். மனைவியை இழந்தவர், குடிப்பழக்கம் இல்லை, நல்ல மனுசர். இருவருமாக ஒரு திட்டம் போட்டார்கள். சிவமலரிடம் "கடல் பார்க்கப் போவம்" என்று மட்டும் சொன்னாள் குணபூசணி.

விடிந்ததும் இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். முத்துக்குமாருவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிள்ளான் வரையும் ரப்பர் மரங்கள். அந்த ஊரில் நிறுத்தித் தோசை சாப்பிட்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினார்கள். போகப் போக ரப்பர் குறைந்து தென்னை வந்தது. காற்றில் உப்பு மணத்தது. சிவமலர் தலையை வெளியே நீட்டி, "எங்கடை ஊர் மாதிரியே இருக்கு" என்றாள். அதைக் கேட்டதும், காரியம் கைகூடிவிடும் என்று குணபூசணிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மோரிப் கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் தியாகராசா நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் சப்பாத்து, கையில் பிஸ்கட் டின்.

"அட, தியாகராசா அண்ணை. நீங்கள் எங்கை இஞ்சாலை?" என்றாள் குணபூசணி.

அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நீங்கள் வாறியள் எண்டு முத்துக்குமாரு அண்ணர் சொன்னவர்" என்றார்.

சிவமலர் தோழியைப் பார்த்தாள். மூவரும் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். தியாகராசா மலேரியாக் காய்ச்சலைப் பற்றியும் கொய்னா மருந்தின் கசப்பைப் பற்றியும் சொன்னார். சிவமலர் எழுந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலை நோக்கி நடந்தாள்.

வற்று நேரம். மோரிப்பில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டாத தூரம் உள்ளே போய்விடும். சாம்பல் நிற ஈரமணல் பரந்து கிடந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். குணபூசணி கூப்பிட்டுப் பார்த்தாள், திரும்பவில்லை. கோபத்தில் இவள் எங்கே போகிறாளோ என்ற பயத்தில், குணபூசணி ஓடிப்போய்க் காரைக் கிளப்பி மணலில் இறக்கினாள்.

"தங்கச்சி, அங்கை கார் போகாது" என்று தியாகராசா கத்தினார். அவள் காதில் விழவில்லை.

சிவமலர் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கார் ஒருபக்கம் சரிந்து நின்றது. பின்சக்கரங்கள் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டன. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. குணபூசணி இறங்கினாள். முழங்கால்வரை சேறு.

சிவமலர் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்குச் சொல்லாமல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தியோ?"

"நல்ல மனுசர் மலர்."

"நல்லவர்தான். அதுக்காக?" சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பூசணி, உண்மையைச் சொல்லு. நீ எனக்குப் புருசன் தேடேல்லை. உனக்குத் துணை தேடுறாய்."

குணபூசணி அழுதாள். காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பெண்போல அழுதாள். "இவ்வளவு வருசமா ஒருத்தியோடையும் வாய்விட்டுக் கதைக்கேல்லை. யாரைப் பார்த்தாலும் இவள் மலர் இல்லையே எண்டுதான் தோணும்" என்றாள்.

சிவமலர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இருவர் காலையும் தண்ணீர் தொட்டது. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் தியாகராசா, கோட்டு இல்லை, சப்பாத்து ஒன்று சேற்றில் போய்விட்டது. பின்னால் தோட்டத்து ஆட்கள் கயிறும் தென்னோலையுமாக. வலை காயப்போட்டிருந்த மலாய்க்காரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீரைக் காட்டி "ஆயர் நாயேக், சப்பாட்" என்றார். தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் என்பது சிவமலருக்கும் விளங்கியது. சக்கரத்தடியில் ஓலையைத் திணித்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். தோட்டத்து ஆட்களோடு வந்த ஆஸ்பத்திரி ஆயா மாரியாயி இரண்டு பெண்களுக்கும் நடுவே நின்று காரைத் தள்ளினாள்.

"அம்மா, வாயால அழுவலாம், தோளால தள்ளுங்க" என்றாள்.

சிவமலர் சிரித்துவிட்டாள். கார் கரையேறியபோது எல்லார் உடம்பிலும் ஒரே சேறு.

நனைந்த கார் அன்றைக்குக் கிளம்பாது என்று தெரிந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குச் செய்தி சொல்ல ஏற்பாடு செய்தார் தியாகராசா. மாரியாயி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிக்கத் தண்ணீர் வைத்தாள், தன் சேலைகளைக் கொடுத்தாள், மீன் குழம்பும் சோறும் போட்டாள். கிராணிமார் வீட்டுப் பெண்கள் தோட்டக் கூலியாட்களின் லயத்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அன்று வழக்கமில்லை. குணபூசணி ஒரு கணம் தயங்கினாள். சிவமலர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கியதைப் பார்த்ததும் தானும் கையை நனைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் சிவமலர் வாசலில் நின்ற தியாகராசாவிடம் நேராகவே சொன்னாள். "எனக்குக் கலியாணத்திலை நாட்டமில்லை. உங்களிலை குறை ஒண்டும் இல்லை."

அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் இல்லைப் பிள்ளை. அண்ணர் சொல்லை எப்படித் தட்டுறது எண்டுதான் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தனான்."

விடுமுறை முடிந்து சிவமலர் கப்பலேறினாள். துறைமுகத்தில் குணபூசணி அழவில்லை. "அடுத்த முறை நீ வா. ஆனால் எனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டுச் செய்" என்றாள் சிவமலர். குணபூசணி தலையாட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், அதே குவாட்டர்ஸில் இருந்த, ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி நல்லம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. ரிக்‌ஷா எதுவும் அகப்படவில்லை. தெருவில் தண்ணீர் ஓடியது. குணபூசணி தானாகவே போய்க் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். நல்லம்மாளை அதுவரை அவள் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் நல்லம்மாள் அவள் தோளை இறுகப் பிடித்திருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன குணபூசணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள் நல்லம்மாள்.

"அக்கா, ஒங்கள ரொம்ப கர்வம் புடிச்சவங்கன்னு நெனச்சிருந்தேன்."

"நானும் அப்படித்தான் நடந்தனான்" என்றாள் குணபூசணி. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொல்லும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.