குழிக்குள் படுத்த கசோண்டே

கசோண்டேயின் வாய்க்குப் பயந்து எங்கள் தெருவில் நாய்கூட ஒதுங்கித்தான் போகும். அவள் பெம்பா இனம், நாங்கள் ங்கோனி இனம். பாட்டன் பூட்டன் காலத்தில் இரண்டு கூட்டமும் வெட்டிக்கொண்டு செத்தார்களாம். இப்போது கேலி முறை. ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் ஏசலாம், யாரும் கோபப்படக் கூடாது.

"என்ன மதினி, எலி சுட்டாச்சா? வாசம் எங்க வீடு வரைக்கும் தூக்குது" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

"ஒன் வீட்டுக் குரங்குக் கொழம்புக்கு இது தேவலடி" என்பாள் என் தங்கை தாபித்தா. இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கசோண்டேக்கு லுவாங்வா ஆற்றங்கரை விடுதியில் சமையல் வேலை. எதிர்க்கரை முழுக்க தேசியப் பூங்கா. விடுதி நிற்கிற இடம் முன்பு எங்கள் தண்ணீர்த் துறை. மணல் திட்டு, கணுக்கால் அளவுதான் தண்ணீர், முதலை பதுங்க இடம் கிடையாது. அங்கேதான் பலகை மேடை போட்டு, சுற்றிக் கம்பி இழுத்தார்கள். சாயங்காலமானால் வெளிநாட்டு விருந்தாளிகள் கையில் கிளாஸோடு உட்கார்ந்து, யானைக் கூட்டம் நீரில் இறங்குவதையும் நீர்யானை கொட்டாவி விடுவதையும் பார்க்கிறார்கள். அழகுதான், யார் இல்லையென்றது? அந்த அழகுக்காக எங்களை மேலே ஆற்று வளைவுக்கு விரட்டினார்கள். ஊர் அடிபம்பு உடைந்து கிடந்தது. வளைவிலோ கரை செங்குத்து, ஆழம் அதிகம். துறையைத் திறந்துவிடச் சொல்லி எத்தனை முறை போய் நின்றிருப்போம். காவலாளியைத் தாண்டவே விடவில்லை.

தாபித்தாவை வளைவில்தான் முதலை இழுத்தது. வாளி மட்டும் கரையில் நின்றது. கிடைத்ததைப் பெட்டியில் வைத்து ஆணியடித்துவிட்டார்கள். என்னைப் பார்க்கவே விடவில்லை.

மறுநாள் கசோண்டே வேலையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். கேலி இல்லை, சிரிப்பு இல்லை.

"மதினி, இன்னிக்குப் படகு வளைவுக்குப் போச்சு. ஆளத் தின்ன முதலையப் பாக்கணும்னு விருந்தாளிங்க கேட்டாங்களாம். மேனேஜரு அனுப்பி வச்சாரு. பாத்துட்டு வந்து சந்தோசமாச் சாப்பிட்டாங்க. நாந்தான் பரிமாறினேன்."

 

அந்த மேனேஜர் கிளமென்ட் ஜெரே வெள்ளைக்காரன் இல்லை. எங்கள் ங்கோனிதான், சிபாடா ஊர்க்காரன். அடுத்த நாள் அடக்கத்துக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, சோள மாவு மூட்டையோடு வந்து முன்வரிசையில் நின்றான். முகத்தில் அவ்வளவு சோகம். அறையலாம் போலிருந்தது.

எங்கள் வீட்டுச் சாவில் பெம்பாக்காரர்களுக்குத்தான் வேலை. சமைப்பதும் அவர்கள், பிணத்தைக் கேலி செய்து எங்களைச் சிரிக்க வைப்பதும் அவர்கள். கேட்டதைக் கொடுக்கும்வரை அடக்கம் நடக்க விடமாட்டார்கள். கசோண்டே பெட்டியைத் தட்டினாள்.

"எந்திரிடி சோம்பேறி. தண்ணி எடுக்கப் போனவ இப்படியா படுத்துக் கெடப்ப?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அப்புறம் அவள் பாவாடையைச் சொருகிக்கொண்டு, வெட்டி வைத்திருந்த சவக்குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்தாள்.

"ஏறி வா மதினி, கோழி தர்றோம்" என்றார் என் மாமா.

"ஒங்க கோழி யாருக்கு வேணும்? அதும் எலிதான் தின்னிருக்கும். எனக்கு ஜெரே மச்சான் தரணும்."

ஜெரே பல்லைக் காட்டினான். "கேளு மதினி."

"தண்ணித் தொறையக் குடு."

சிரிப்பு நின்றுபோயிற்று.

"வெளையாட்டுல அதெல்லாம் கேக்கலாமா மதினி?"

"நேத்து ஒன் படகு எங்க போச்சு மச்சான்? ஒன் சாதிப் பொண்ணத் தின்ன முதலைய வேடிக்கை காட்டக் கூட்டிட்டுப் போனியா, இல்லியா? இங்கயே சொல்லு."

வேறு யார் கேட்டிருந்தாலும் வேலை போயிருக்கும். ஆனால் குழிக்குள் கிடக்கிற முறைக்காரியை அதட்ட முடியாது, கோபிக்கவும் முடியாது. பெட்டி தூக்கியவர்களுக்குத் தோள் வலித்தது. ஊரே அவன் முகத்தைப் பார்த்தது.

"சரி, குடுத்தேன். ஏறி வா" என்றான். அவள் நீட்டிய கையை அவனே பிடித்து மேலே இழுத்தான்.

மறுநாளும் கம்பி அப்படியே இருந்தது. இடுகாட்டுப் பேச்செல்லாம் கேலி, நிலம் கம்பெனியுடையது என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பியிருந்தான். கசோண்டேயை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. வாளியும் கம்பி வெட்டும் குறடுமாக நடந்தாள். தெருவிலிருந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு வாளியோடு பின்னால் போனோம். காவலாளியின் பெண்டாட்டியும் எங்களோடு வந்ததால், அவன் பாவம், வானத்தைப் பார்த்தான். கசோண்டே கம்பியை அறுத்து விலக்கினாள். விருந்தாளிகள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தி கேமராவைத் தூக்கினாள்.

ஜெரே ஓடி வந்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு இளித்தான்.

"மதினி, மதினி... அடக்கத்துல நடந்தது கேலிதானே? நம்ம முறைதானே மதினி?"

வாளியைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைய மதினின்னு கூப்பிடாதீங்க சார்."

ஒரு பெம்பாக்காரி ங்கோனிக்காரனுக்கு மரியாதை கொடுத்து நான் கேட்டது அன்றுதான். அவன் உதட்டிலிருந்த இளிப்பு உதிர்ந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் இறங்கி, வாளிகளை நிரப்பிக்கொண்டோம்.