நல்லானுக்கு எழுதிய விளக்கம்

காவலர் சங்கத்தில் முழுநேரமாக இருந்தவர்கள் இரண்டே பேர். செயலாளர் செங்கோட்டையன் பேசுகிற ஆள். துணைச் செயலாளர் அர்த்தநாரி எழுதுகிற ஆள். இருவரும் ஏட்டுகள், இருவருக்கும் ஸ்டேஷன் வேலையிலிருந்து விலக்கு. வேட்டி சட்டையில் சங்கத்தின் மாடியறைக்கு வந்து உட்காருவார்கள். கீழே பனியன் கம்பெனி. மெஷின் ஓடத் தொடங்கினால் மேஜை மேலிருக்கும் மைக்கூடு நடுங்கும். அதை இடது கையால் பிடித்துக்கொண்டே எழுத அர்த்தநாரி பழகிவிட்டார்.

அதிகாரிகளைப் பார்த்து லீவு கேட்பது, மழைக்கோட்டு கேட்பது, போலீஸ் லைன் குடியிருப்பு வீடுகளுக்கு ஓடு மாற்றச் சொல்வதெல்லாம் செங்கோட்டையன் பாடு. மெமோ வாங்கி வருகிறவனுக்கு விளக்கம் எழுதித் தருவது, விசாரணைக்கு அவனோடு போய் நிற்பது, காலியாகிற லைன் வீட்டுக்கு அடுத்து யார் என்று பட்டியல் அனுப்புவது அர்த்தநாரி பாடு.

அவர் எட்டாவதோடு நின்றவர். ஸ்டேஷன் ரைட்டராகப் பதினெட்டு வருஷம் பழைய ஃபைல்களைப் பார்த்து எழுதி எழுதியே எழுத்து கைவந்தது. எந்த விளக்கமானாலும் கடைசியில் மூன்று வரி போடுவார். 'நடந்ததற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நேராது. மன்னித்து ஆதரிக்க வேண்டுகிறேன்.' பூட்ஸ் துடைக்காதவனும் அதை எழுதினான், பரேடுக்கு லேட்டானவனும் எழுதினான், ஒரு தப்பும் செய்யாதவனும் எழுதினான். செய்யாதவன் எழுதாவிட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர். கீழே கையெழுத்துப் போடுவது எப்படியோ அப்படித்தான் அந்த மூன்று வரியும்.

எழுபத்து நான்கு ஆடியில் நல்லான் வந்தான். கான்ஸ்டபிள், முப்பத்தோரு வயது. ரிமாண்டுக் கைதி ஒருவனைக் கோயமுத்தூர் ஜெயிலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனபோது சோமனூர் நிறுத்தத்தில் தப்பவிட்டவன். வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு.

"எத்தனை பேர் போனீங்க?" என்றார் அர்த்தநாரி.

"நான் ஒருத்தன்தானுங்க."

"டூட்டி சீட்டுல ரெண்டு பேரு இருக்குதே. நீ, சாமியப்பன்."

"சாமியப்பனை இன்ஸ்பெக்டர் ஊட்டு விசேஷத்துக்குப் பந்தல் கட்ட அனுப்பிட்டாருங்க. அவசரம்னு என்னை மட்டும் பஸ் ஏத்தினாங்க. சோமனூர்ல அந்தக் கைதி ஒண்ணுக்கு வருதுன்னு இறங்கினானுங்க. சங்கிலி என் கையிலதான். தள்ளின தள்ளுல நான் வாய்க்கால்ல கிடந்தேன்."

கூடவே வந்திருந்த சாமியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கேட்டா நான் வந்து சொல்றனுங்க ஏட்டய்யா. மூங்கில் வாங்கின கடைக்காரன்கூடச் சொல்லுவான்."

"யோசிச்சுச் சொல்லு சாமியப்பா. அப்புறம் இன்ஸ்பெக்டர் உன்னை ஆயுசுக்கும் பந்தல் கட்ட உடுவாரு."

"கட்டிக்கறனுங்க. இவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது."

அர்த்தநாரிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். சீட்டின் எண், பஸ் புறப்பட்ட நேரம், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் சாமியப்பன் பெயருக்கு எதிரே புறப்பட்ட நேரம் எழுதாமல் விடப்பட்ட வெற்றிடம், சாட்சியாக அழைக்க வேண்டியவர் யார் யார், ஒன்றும் விடவில்லை. நான்காம் பக்கத்தின் அடியில், கை தானாகவே போய், அந்த மூன்று வரியையும் எழுதி முடித்தது. நல்லான் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை நாளன்று அர்த்தநாரி நல்லானுக்குப் பக்கத்தில் நின்றார். வெளியே பெஞ்சில் சாமியப்பன் சலவை உடுப்போடு காத்திருந்தான். விசாரணை அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"இதுல இருக்கறது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க ஐயா."

"வருத்தம் தெரிவிச்சிருக்க. இனி நடக்காதுங்கற. மன்னிப்புக் கேக்கற. அப்புறம் சாட்சி எதுக்கு?"

அர்த்தநாரி வாயைத் திறந்தார். "ஐயா, அது வழக்கமா எழுதறது..."

"வழக்கமா தப்பை ஒப்புக்குவீங்களா? நல்ல வழக்கம்." பேனா மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினார். சாமியப்பனைக் கூப்பிடவேயில்லை.

பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. 'குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளதால்' என்று தொடங்கி, 'பணிநீக்கம்' என்று முடிந்தது. மாதக் கடைசிக்குள் லைன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும்.

செங்கோட்டையன் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். "அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாத அர்த்தநாரி. சங்கம் எழுதிக்குடுத்து வேலை போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் இந்தப் படி ஏற மாட்டான். அப்பீல் இருக்குது. அதுல இன்ஸ்பெக்டரை இழுத்துக்கலாம்."

"அப்பீலை யார் எழுதறது?"

"உன்னை உட்டா யாரு இருக்கறா?"

அன்று மத்தியானமே அர்த்தநாரி லைனில் நல்லான் இருந்த ஏழாம் நம்பர் வீட்டுக்கு நடந்தார். நல்லானின் மனைவி சென்னம்மாள் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நல்லா, உன் வேலை போனது நான் எழுதினதாலதான். அந்தக் கடைசி மூணு வரி. அது வேண்டியதே இல்லை. பழக்கத்துல எழுதிட்டேன்."

"தெரியுமுங்க" என்றான் நல்லான். "கையெழுத்துப் போடறப்பவே படிச்சனுங்க. தப்பு நம்மளது இல்லையே, எதுக்கு இதுன்னு தோணுச்சு. ஏட்டய்யா எழுதினா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்."

"அங்கயே கேட்டிருக்கலாமில்ல?"

"உங்களையா? எப்படிங்க கேக்கறது."

சென்னம்மாள் கோணியின் வாயை இழுத்துக் கட்டினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"அப்பீல் நான் எழுதறேன். ஒரு வரி பிசகாது."

"வேண்டாமுங்க." குரலில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது. "தாலுக்காபீஸ் முன்னால மனு எழுதறவர்கிட்டச் சொல்லிட்டனுங்க. நீங்க சிரமப்பட வேண்டாம்."

மனு எழுதுபவர் ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருந்தார். பெண் குழந்தைகளைப் பற்றி நிறைய இருந்தது. டூட்டி சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அர்த்தநாரி அதைப் பார்த்தது கார்த்திகையில், அப்பீல் தள்ளுபடியாகி நகல் சங்கத்துக்கு வந்தபோதுதான். அதற்குள் நல்லான் காதர்பேட்டையில் பனியன் மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். ஒருதரம் தெருவில் எதிரே வந்தபோது தலைச்சுமையோடு ஒதுங்கி நின்று, "வாங்க ஏட்டய்யா" என்று வழிவிட்டான்.

அர்த்தநாரி தன்னைத் திரும்ப ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தார். எழுத வேறு ஆள் இல்லையென்று செங்கோட்டையன் அதை மேலே அனுப்பவில்லை. லைனில் ஏழாம் நம்பர் வீடு காலி, அடுத்த பெயரை அனுப்பவும் என்று அலுவலகத்திலிருந்து இரண்டாவது நினைவூட்டல் வந்திருந்தது. அர்த்தநாரி பட்டியலை விரித்தார். மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்து நின்ற பெயரை எழுதினார்.