பேராசிரியரின் இரண்டு கடிகாரங்கள்

பேராசிரியர் தட்சிணாமூர்த்தி காலமான செய்தியைப் பழைய மாணவர் ஒருவர் போனில் சொன்னபோது நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தேன். "ஐயாவைப் பத்தி நினைவு மலர்ல நீங்கதான் சார் எழுதணும். ஒரே துறையில இருந்தவங்க. நல்லதா நாலு வார்த்தை போதுங்க" என்றார். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேனே தவிர, நல்லதாக எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு இது பிடிக்காது. ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் செய்தது மாறிவிடாது.

இயற்பியல் துறையில் எங்கள் மேஜைகள் எதிரெதிரே இருந்தன. அவர் வேலிக்கணக்கில் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. நான் அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவளின் மகன். என் அண்ணன் முருகையன், வாய்க்காலின் கடைசியில் இருந்த அவருடைய கடைமடை வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். நான் வேலையில் சேர்ந்த அன்று எல்லோர் முன்னிலையிலும், "உங்க அண்ணன் நம்ம பண்ணை ஆளுதானே?" என்றார். "குத்தகைதாரருங்க" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்யா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதைச் சொல்லவும் கசக்கத்தான் செய்கிறது. அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஊருக்கு ஊர் மன்றம் வைத்துக் கூட்டம் போட்ட காலம் அது. அவருக்குப் பிடித்த தலைப்பு கருந்துளை. "அதன் பக்கத்தில் ஒருவனை நிறுத்துங்கள். அவன் கடிகாரம் அவனுக்குச் சரியாகவே ஓடும். தொலைவிலிருந்து பார்க்கும் நமக்குத்தான் அது மெதுவாக ஓடும்" என்பார். விளிம்பை நெருங்க நெருங்க அவன் உறைந்து நிற்பதுபோல நமக்குத் தெரியும் என்பார். அவனோ உள்ளே போய்விட்டிருப்பான். அவனிடமிருந்து வரும் வெளிச்சம் சிவந்து, மங்கி, கடைசியில் கண்ணுக்கு எட்டாமலே போய்விடும். கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும்.

ஒருமுறை, ஈர்ப்பை எதிர்த்து மேலேறி வரும் வெளிச்சம் களைத்துப்போய் வேகம் குறைகிறது என்று மேடையில் சொல்லிவிட்டார். இறங்கி வந்ததும், "குறையறது வேகம் இல்லீங்க, ஆற்றல். அதனாலதான் சிவக்குது" என்றேன். முறைத்தார். அடுத்த கூட்டத்தில் தன் தவறைத் தானே சொல்லித் திருத்திக்கொண்டார். ஆனால் அதன் பிறகு வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இயற்பியலில் மாட்டிக்கொள்வதை அவரால் தாங்க முடியாது. மற்ற எதில் மாட்டிக்கொண்டாலும் தாங்குவார்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் நடவு வயலில் விவசாயச் சங்கக் கொடி ஏறாத ஊர் குறைவு. ஆட்சி மாறியிருந்தது, மேடைப் பேச்சு மாறியிருந்தது, மதகு மட்டும் மாறவில்லை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை இப்படி: விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை தலைமடைக்கு, அதாவது அவருடைய சொந்தச் சாகுபடிக்கு. உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை கடைமடைக்கு. இரவில் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விடும். பன்னிரண்டு மணி ஆயிற்றா என்பதைச் சொல்வது பண்ணைக் கடிகாரம். மதகைத் திறந்து அடைக்கும் நீராணிக்காரரின் மடியில் பேராசிரியர் கொடுத்துவைத்த பழைய பாக்கெட் கடிகாரம் அது. நிழல் காலடிக்கு வந்து, மறுபக்கம் சாய்ந்த பிறகும் அதில் பன்னிரண்டு ஆகாது. கேட்டால், "பண்ணைக் கடிகாரத்துக்கு மேல ஒரு கடிகாரமாடா?" என்பார்கள் பண்ணை ஆட்கள். கடைமடையில் நாற்று கருகிக்கொண்டிருந்தது. "இந்தப் போகமும் காஞ்சா வயலை விட்டுடணும்" என்று அண்ணனிடம் ஆள் அனுப்பியிருந்தார் பேராசிரியர். தண்ணீரை நிறுத்தியவரும் அவர், காய்ந்தால் வெளியேறு என்றவரும் அவர்.

அந்த வாரம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவருடைய கருந்துளைக் கூட்டம் நடந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். பேச்சு முடிந்து, கேள்வி உண்டா என்றதும் அண்ணன் எழுந்தார்.

"ஐயா, தலைமடையில ஒரு மணியும் கடைமடையில ஒரு மணியுமா கடிகாரம் காட்டுறது இந்தக் கருந்துளைக் கணக்காலதானுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். பேராசிரியர் வாயால் வந்த வார்த்தையாயிற்றே. அவர் என்னைப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு சொன்னார்: "உளறாதேப்பா. பூமியோட ஈர்ப்பு அதுக்கெல்லாம் பத்தாது. ஒரே வாய்க்கால்ல ரெண்டு கடிகாரம் வேற வேற மணி காட்டினா, ஒண்ணு தப்பு. அவ்வளவுதான்."

"அப்படின்னா ஐயா கையில கட்டியிருக்கிறதையும் நீராணிக்காரர் மடியில இருக்கிறதையும் சேத்துவெச்சுப் பாத்துடலாமுங்களா?"

கூட்டத்தில் நின்ற நீராணிக்காரர் மடியைப் பொத்திக்கொண்டார். நாலு பேர் அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்தார்கள். இரண்டுமே பேராசிரியருடைய கடிகாரங்கள். கல்லூரிக்கு ஒருநாளும் தாமதமாக வராதவரின் கைக்கடிகாரத்தைவிடப் பாக்கெட் கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்னால் நின்றது. ஒரு பெண், "எம் புள்ள சோறு இதுலதான் போச்சா!" என்று கத்தினாள். பேராசிரியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து பஞ்சாயத்து ரேடியோவில் சொல்லும் மணியை வைத்து மதகு திறந்தார்கள். நாற்று பிழைத்தது. அவர் அதோடு விடவில்லை. வயலைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டு, அண்ணனை வாய்தாவுக்கு வாய்தா தஞ்சாவூருக்கு இழுத்தடித்தார், தோற்றார். ஓய்வுபெறும் வரை எதிர் மேஜையிலிருந்து என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன், மனைவியின் தொந்தரவு தாங்காமல். "அந்த வயலு?" என்றார். "அண்ணன் மகன் சாகுபடி பண்றான்" என்றேன். "அன்னிக்கு ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். பொய்யான இயற்பியலைச் சொல்ல வாய் வரலையே" என்றார்.

செய்ததற்கு வருந்துவார் என்று நினைத்துப் போனேன். செய்த ஒரே நல்லதற்கு வருந்தினார். அந்த வாய் வராமல் போனதில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் உலை கொதிக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். நன்றி சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.