நேசன் எனக்கு மட்டும் எதையும் பார்த்துத் தரவில்லை

நேசன் போன செய்தியை எனக்குப் போனில் சொன்னது வினோத். சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் என் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, நேசண்ணே போயிட்டாரு. டீ குடிச்சிட்டு இருக்கும்போதே நெஞ்சப் பிடிச்சிட்டாராம்" என்றான். வாய்விட்டு அழ வேண்டிய நேரத்தில் நான் கேட்டது, "உனக்கு யார்டா சொன்னா?" "மாலதி அக்கா போன் பண்ணாங்கண்ணே." மாலதி நேசனின் மனைவி. அவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். முந்தாநாள் எங்களோடு மீன்பிடிக்க வந்தவனுக்கு முதல் போன்! கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் இதையே நினைத்துப் பொருமிக்கொண்டு போனேன். அழுகை ஷா ஆலம் தாண்டித்தான் வந்தது.

அவரோடு தண்ணீரில் இறங்கிய உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவநேசன் கிள்ளான் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஞாயிறு காலைகளில் கழிமுகத்துச் சதுப்புக்காட்டு ஓரம் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கில் மீன் பிடிக்கும் பழக்கத்தை எங்கள் எல்லோருக்கும் ஏற்றிவிட்டவர். கால் படகை ஓட்டும், கை தூண்டிலுக்கு. கடையிலிருந்து வரும் கயாக் வெறும் வீடு மாதிரி. அதில் என்ன சேர்ப்பது, எதை எங்கே பொருத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் தடுமாறுவோம். நேசன் தடுமாறமாட்டார்.

அவர் செய்கிற விதமே தனி. ரவாங்கிலிருந்தோ செமினியிலிருந்தோ யாராவது புதுக் கயாக்கோடு வந்தால் அதைப் புல்லில் வைத்து ஆளை உள்ளே உட்காரச் சொல்வார். "மிதி. தூண்டில வீசு. மீன் கடிச்சிருச்சு, இழு!" என்பார். அந்த ஆளும் தரையில் உட்கார்ந்து காற்றை மிதித்து, காற்றில் வீசி, இல்லாத மீனை இழுப்பார். சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். நேசன் மட்டும் சிரிக்காமல் அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்து அங்கே சுண்ணக்கட்டியால் குறிபோடுவார். "கை தானாப் போற எடத்துலதான் சாமான் இருக்கணும். கடைக்காரன் சொல்ற எடத்துல இல்ல லா." செந்தூல் கணேசனுக்குத் தோள்பட்டை எழாது என்பதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரத்தை இறக்கக் கப்பி வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். கணேசன் இன்னமும் அந்தக் கயிற்றைத் தடவித் தடவிப் பேசுகிறார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் என்னை அவர் ஒருநாளும் புல்லில் உட்காரச் சொன்னதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் பெரிய சுக்கான் மாட்டினால் நான் அதைவிடப் பெரியது மாட்டினேன். தண்ணீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் பிஷ் பைண்டரை அவர் கையகலத் திரையில் வைத்தால் நான் தட்டகலத்தில் வைத்தேன். தூண்டில் செருகும் குழாய்கள், ஐஸ் பெட்டி, கொடி, குடை என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒருநாள் என் கயாக்கைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ராஜா, நீ படகுல ஏறியிருக்கியா, படகு உம்மேல ஏறியிருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எலுமிச்சைக் கதையும் உங்களுக்குத் தெரியும். புதுச் சுக்கானுக்குப் பூஜை போடாமல் விடுவதா என்று கயாக்கைக் கார் கூரையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். குருக்கள் தீபாராதனை காட்டி, எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரத்தைக் கொடுத்தார். முகப்பில் கட்ட வேண்டியதை, சுக்கான்தானே புதுசு என்று நான் பின்னால் கட்டினேன். நடுத்தண்ணீரில் அந்த நூல் சுக்கானில் சுற்றிக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் படகு ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது. நேசன் வந்து கத்தியால் நூலை அறுத்துவிட்டு, "சாமிய முன்னால உக்கார வை, ராஜா. அது வழி பாக்கட்டும், வண்டிய நாம ஓட்டலாம்" என்றார். மானம் போனது எனக்கு, பெயர் வாங்கியது அவர். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

பிறகு வினோத் வந்தான். கூரியர் கம்பெனியில் வேலை, முப்பது வயது இருக்கும், நேசன் வைத்திருந்த அதே ரகக் கயாக். அவனுக்காக ஒரு ஞாயிறு முழுக்க நேசன் தூண்டிலைத் தொடவே இல்லை. தன் பழைய சுக்கானை அவனுக்கு மாட்டி, கம்பியை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து... நான் எதிர் டீக்கடையில் தே தாரிக்கை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேவிட்டேன். "எனக்கு மட்டும் ஏன் எதையும் பாத்துக் குடுக்க மாட்டேங்கற?"

அவர் நிமிரக்கூட இல்லை. "நான் ஒண்ணு சொல்வேன். அடுத்த வாரம் நீ அதவிடப் பெருசா வாங்கிட்டு வந்து நிப்ப. எதுக்கு லா?"

உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அவருக்கு என் பொறாமை தெரியும். ஒருமுறை எனக்கு ஒன்றுமே மாட்டாத நாளில் அவருக்குப் பெரிய சியாக்காப் மீன் கிடைத்திருக்கிறது. கரையேறும்போது ஐஸ் பெட்டிக்கு மேலே தன் சட்டையைப் போட்டு மூடிவிட்டு, "இன்னிக்குத் தண்ணி சரியில்ல" என்றார். உண்மையை வினோத்தான் பிறகு உளறினான். மீன் கிடைத்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்காக அதை மூடினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பொறாமைப்படக்கூட விடாத மனுஷன்.

கருமாதி முடிந்த மறுவாரம் மாலதி எங்களை வீட்டுக்கு அழைத்தார். வாசலில் நேசனின் கயாக் கிடந்தது. யாருக்கு எது உபயோகப்படுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணேசன் பிஷ் பைண்டரை எடுத்தார். ரவாங்காரர்கள் தூண்டில் குழாய்களைக் கழற்றினார்கள். உட்காரும் சீட்டை மாலதி வினோத்துக்கென்று எடுத்துவைத்திருந்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் வெக்கலண்ணே. ராஜாகிட்ட எல்லாமே இருக்குன்னு அவரு எப்பவும் சொல்வாரு" என்றார்.

எல்லாமே இருக்கிறதாம்!

"எனக்கு அந்த சீட்டு வேணும், தங்கச்சி" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. வினோத்தான், "எடுத்துக்குங்கண்ணே" என்று தூக்கிக் கொடுத்தான். கணேசன் மெதுவாக, "உங்க படகு வேற ரகம், ராஜா. இது அதுல உக்காராதே" என்றார்.

"உக்காரும்" என்றேன்.

உட்காரவில்லை. திருகிப் பார்த்தேன், நெம்பிப் பார்த்தேன், ஒரு பக்கத்தைச் சீவியும் பார்த்தேன். இப்போது அது கடையில், கல்லாவுக்குப் பின்னால் தரையில் இருக்கிறது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அதில்தான் உட்காருகிறேன். நேசன் என்னைவிடக் குள்ளம். முதுகு வார்கள் அவர் உயரத்துக்கு இறுக்கியவை. எனக்குப் பிடரிவரை வலிக்கிறது. இரண்டு கொக்கிகளைத் தளர்த்தினால் போதும். தளர்த்தமாட்டேன், அந்த அளவை வைத்தவர் இனி வந்து வைக்கப்போவதில்லை.

வினோத், இதை நீ படிப்பாய். உன் படகில் அது கச்சிதமாக உட்காரும், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். தெரியும். அவர் உனக்குச் சுக்கானைக் கொடுத்தார், ஒரு ஞாயிறைக் கொடுத்தார், நீயும் அதற்குத் தகுந்தவனாகத்தான் நடந்துகொண்டாய். எனக்கு அவரிடமிருந்து இருப்பது, பொருந்தாத இந்த ஒரு சீட்டு. கேட்காதேடா. தரமாட்டேன்.